புள்ளி வைக்காத ஓலை: தடை செய்யப்பட்ட புத்தகத்தை வைத்து ஒரு மாயக்கதை எழுதுவது எப்படி

என் அப்பா கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்து அடுக்கும் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீதுப் புத்தகம். அங்கே பெரும்பாலும் ஓடியது இவைதான். 1976இல் எனக்கு ஏழு வயது. நெருக்கடி நிலைக் காலம். ஒரு ராத்திரி நாங்கள் படுத்த பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் விடியும்போதுதான் திரும்பினார். மேலெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. கிணற்றடியில் கையை மூன்று தரம் தேய்த்துக் கழுவினார். "என்னப்பா அடுக்குனீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் அடுக்கலையே பாப்பா. எல்லா எழுத்தும் கேஸ்லதான் கெடக்கு, வேணும்னா வந்து பாரு" என்றார்.

அந்தப் பதிலின் அர்த்தம் எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. ஈய எழுத்துகளை ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்கி, கேலி என்ற தட்டில் இறக்கி, நூல் சுற்றிக் கட்டி, அச்சேற்றி முடித்ததும் மண்ணெண்ணெயால் துடைத்து, ஒவ்வொன்றையும் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். போட்ட பிறகு அந்தப் பக்கத்துக்கு அச்சகத்தில் சாட்சி கிடையாது. அன்று ராத்திரி என்ன அச்சாகியது என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. நான் பிள்ளைகளுக்காகக் கதை எழுத வந்ததே அந்த ஒரு பக்கத்தைத் தேடித்தான்.

இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு கிளை நூலகத்தில் பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுவரை உள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுகிறேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது தடை செய்யப்பட்ட புத்தகம் பற்றிய மாயக்கதையோடு வருகிறார்கள். பெரியவர்களும் இதே கதையை எழுதிக்கொண்டு வந்து கேட்கிறார்கள். முதல் வரைவு கிட்டத்தட்ட எல்லாமே ஒரே மாதிரி தொடங்கும்: கறுப்பு அங்கி போட்ட ராஜா, சதுக்கத்தில் எரியும் புத்தகக் குவியல், கூட்டத்தில் ஒரு சிறுமியின் கலங்கிய கண்கள். அந்தப் பக்கத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி: "அந்தப் புத்தகத்துல என்னம்மா எழுதியிருக்கு?" பெரும்பாலும் பதில் இருக்காது. "உண்மை எழுதியிருக்கு அக்கா" என்பார்கள். எந்த உண்மை, எந்தப் பக்கத்தில், எத்தனை வரியில்?

ராஜாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் புத்தகத்தைச் செய்யுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

தடை செய்யப்பட்ட புத்தகம் என்றதும் புரட்சி முழக்கம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. நான் பிள்ளைகளுக்கு லிதுவேனியாவின் கதையைச் சொல்வேன். 1863இல் ரஷ்யப் பேரரசுக்கு எதிராக அங்கே கிளர்ச்சி நடந்தது. அதை நசுக்கிய ஜார் அரசு, லிதுவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடவே கூடாது என்று தடை போட்டது. அந்த மொழியை எழுத ரஷ்ய எழுத்துதான் என்று ஆயிற்று. அரசாங்கமே அப்படிப் புத்தகம் போட்டுக் கொடுத்தும் சனங்கள் தொடவில்லை. 1904 வரை, ஏறக்குறைய நாற்பது வருஷம், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மானிய ஆட்சியில் இருந்த டில்சிட் ஊரில் லத்தீன் எழுத்தில் அச்சடித்து, மூட்டை மூட்டையாக எல்லை தாண்டிச் சுமந்தார்கள். அப்படிச் சுமந்தவர்களுக்குப் புத்தகச் சுமைகாரர் என்றே அவர்கள் மொழியில் பெயர். பிடிபட்டால் சிறை, சைபீரியா. எல்லையிலேயே சுடப்பட்டவர்களும் உண்டு.

இவ்வளவு உயிரைக் கொடுத்துச் சுமந்த மூட்டைக்குள் பெரும்பாலும் இருந்தவை ஜெபப் புத்தகம், அரிச்சுவடி, நாள்காட்டி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு பாட்டி கையில் வைத்திருக்கிற புத்தகம். வீட்டில் அம்மா ராட்டை சுற்றிக்கொண்டே பிள்ளைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்த புத்தகம்.

இதைச் சொன்னதும் அறையில் ஒரு அமைதி வரும். அந்த அமைதியில்தான் கதை தொடங்குகிறது. ஆகவே உங்கள் புத்தகத்துக்குள் ஒரு வீட்டுக்குத் தினமும் தேவைப்படும் ஏதாவது இருக்கட்டும்: மருந்துக் குறிப்பு, தாலாட்டு, கடன் கணக்கு, ஊர்ப் பெயர்களின் பட்டியல். அது இல்லாமல் போனால் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை என்ன கெட்டுப்போகும் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதில் தடை செய்யப்பட்டது ஒரு நீர்க்கணக்கு ஓலைக்கட்டு. ஏழு ஊருக்குப் பொதுவான ஓர் ஏரி. எந்த மடையை எந்த நாள் எத்தனை நாழிகை திறந்து வைக்க வேண்டும், யார் வயலுக்கு முதல் தண்ணீர், கரை உடைந்தால் எந்த ஊர் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்று அந்த ஓலை சொல்கிறது. அதில் ராஜாவின் பெயர் எங்கேயும் இல்லை. அதுதான் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. இதற்கு வித்து எனக்கு உத்திரமேரூரில் கிடைத்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை எழுதியிருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு, அதற்குக் குடவோலை. அந்தச் சுவர் முன்னால் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது: இதை ஒருவன் அழிக்க நினைத்தால் எதற்காக அழிப்பான்?

எதனால் செய்தது

என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

புத்தகத்தின் எடை, நீளம், வாடை, சத்தம், அதற்கு ஆகாத பொருள் என்ன, அதைத் தின்னும் பூச்சி எது. இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டிய திருப்பங்களில் பாதி இங்கிருந்தே வந்துவிடும். திருப்பத்துக்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை.

பனை ஓலையை எடுத்துக்கொள்வோம். எழுத்தாணியால் கீறுவார்கள். கீறியது அப்படியே கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கரியைத் தடவித் துடைத்தால்தான் கீறலுக்குள் மை நின்று எழுத்து தெரியும். இதற்கு மேல் ஒரு ரகசியக் கடிதம் வேண்டுமா? மை தடவாத ஓலையை வெற்றோலை என்று நம்பிக் காவலன் திருப்பிக் கொடுத்துவிடுவான். வாங்கியவள் வீட்டுக்கு வந்து அடுப்புக்கரியை விரலில் தொட்டுத் தடவுகிறாள், எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வருகிறது. இதில் மாயமே இல்லை, ஆனாலும் படிக்கிற பிள்ளைக்கு மயிர் கூச்செறியும்.

அடுத்தது வாடை. ஓலையைப் பூச்சி தின்னாமல் இருக்கப் புல்தைலம் தடவுவார்கள், வசம்பு வைப்பார்கள். எலுமிச்சம்புல்லின் அந்த வாசனை ஓலை இருக்கும் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். என் கதையில் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் கண்ணால் தேடுவதில்லை. வாசலில் நின்று மூச்சை இழுக்கிறார்கள். அதனால் ஓலை வைத்திருக்கும் வீட்டுக்காரி என்ன செய்வாள்? நாள் தவறாமல் மீன் குழம்பு வைப்பாள். வைதீகமான வீடாக இருந்தால்? அங்கே வேறு வழி தேட வேண்டும், அந்தத் தேடல் ஓர் அத்தியாயம்.

மூன்றாவதுதான் என் முழுக் கதையையும் தூக்கி நிறுத்தியது. பழைய ஓலைகளில் புள்ளி வைக்கும் வழக்கம் அநேகமாக இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். குறில் எகரத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் அந்தப் புள்ளி இல்லாததால் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வந்து வேறுபாடு காட்டியதற்கு இந்தத் தொல்லைதான் காரணம். அப்படியானால் ஓலையில் 'எரி' என்று இருந்தால் அது நெருப்பா, ஏரியா? இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

என் ஓலைக்கட்டின் முதல் வரி: ஏரி காப்பது ஊர். ஏரியைக் காக்கும் பொறுப்பும் உரிமையும் ஊருக்கு. அரண்மனை எழுத்தர்கள் அதை 'எரி காப்பது ஊர்' என்று படித்தார்கள். அரண்மனையின் அணையா நெருப்பைக் காப்பது ஊரின் கடமை என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். அன்றிலிருந்து ஏழு ஊரும் மாதாமாதம் வண்டி வண்டியாக விறகு அனுப்புகின்றன. கரையிலிருந்த மரமெல்லாம் போயிற்று, கரை சரிந்தது, ஏரி தூர்ந்தது. மூன்று தலைமுறையாக ஒரு புள்ளி ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது. மூல ஓலையைப் பார்த்தால் அடுத்த வரியே மடையையும் நாழிகையையும் பேசுகிறது, நெருப்பை யாராவது மடை வைத்து அளப்பார்களா? அதனால்தான் மூல ஓலையை யாரும் படிக்கக் கூடாது என்று தடை.

இந்த யோசனை என் தலையிலிருந்து வந்ததாக நான் நினைக்கவில்லை. ஓலை என்ற பொருளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் வந்தது. உங்கள் உலகத்தில் புத்தகம் ஓலையாக இருக்க வேண்டியதில்லை. நெய்த துணியாக, முடிச்சுப் போட்ட கயிறாக, ஈய எழுத்தில் அச்சான தாளாக இருக்கலாம். அச்சு என்றால் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன்: அப்பாவின் கேஸில் ஒரு 'ழ'வின் வால் உடைந்திருந்தது. அந்த 'ழ' விழுந்த எந்த நோட்டீஸைக் காட்டினாலும் எங்கள் தெருவே "இது நம்ம பிரஸ்ஸு" என்று சொல்லிவிடும். தேடி வருகிறவனுக்கும் அந்த வால் போதும்.

கொடுங்கோலுக்கு ஓர் அலுவலகம் கொடுங்கள்

தீ வைக்கிற ராஜாவை எழுதுவது சுலபம், படிக்கிற பிள்ளை அவனை நம்புவதுதான் கடினம். நிஜத்தில் தடை என்பது பெரும்பாலும் ஒரு படிவமாக வரும்.

இந்தியாவில் 2024வரை நடப்பில் இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சடித்தவர் பெயரும் அச்சான இடமும் இருக்க வேண்டியிருந்தது. புத்தகக் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி வருமே, அதுதான். 1910இல் வந்த பத்திரிகைச் சட்டம் அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தது. புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2000 ரூபாய்வரை ஜாமீன் கேட்கலாம், அரசுக்குப் பிடிக்காததை அச்சடித்தால் அது பறிபோகும். அந்தக் காலத்து 500 ரூபாயை நினைத்துப் பாருங்கள். யாரையும் அடிக்க வேண்டாம், எதையும் கொளுத்த வேண்டாம், அச்சகக்காரர் தானே பயந்து கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ருமேனியாவில் 1983இல் தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் எல்லாம் காவல் துறையில் பதிந்து, தங்கள் இயந்திரத்தின் எழுத்து மாதிரியைக் கொடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அப்பாவின் வால் உடைந்த 'ழ'வை ஓர் அரசாங்கமே கணக்கெடுப்பது மாதிரி.

இதிலிருந்து என் ராஜாவுக்கு ஒரு வழி கிடைத்தது. அவன் ஓலையை எரிப்பதே இல்லை. புல்தைலம் விற்க உரிமம் வேண்டும் என்றான், அவ்வளவுதான். ஓலையைப் பழைய கட்டிலிருந்து புதிய கட்டுக்குப் படியெடுக்க அரண்மனை முத்திரை வேண்டும் என்றான். எரிக்கிற வேலையைப் பூச்சியும் காலமும் பார்த்துக்கொள்ளும். ஊரில் யாருக்கும் ராஜாமேல் கோபம்கூட வராது. "தாத்தா ஓலைய செல்லரிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குத் தெரிந்த பயங்கரங்களில் இது பெரிது.

கூடவே ராஜா எதைத் தடை செய்யாமல் விட்டான் என்பதையும் எழுதி வையுங்கள். சீனத்தில் கி.மு. 213இல் சின் பேரரசர் நூல்களை எரிக்க ஆணையிட்டபோது மருத்துவம், குறி பார்ப்பது, மரம் நடுவது பற்றிய நூல்களுக்கு விலக்கு இருந்ததாக வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார். விலக்கு இருக்கும் இடம்தான் ஒளிப்பதற்கு வழி. மருத்துவ ஓலைக்கு அனுமதி உண்டு என்றால், காய்ச்சல் கஷாயத்துக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் நடுவில் மடைக் கணக்கு உட்கார்ந்திருக்கலாம்.

எரிப்புக் காட்சியே கூடாதா என்று கேட்பார்கள். கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழில் எழுதும்போது 1981 மே 31 ராத்திரி யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். சுமார் 97,000 நூல்கள், திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகள் உட்பட, நூலகத்தோடு எரிந்தன. அதைத் தெரிந்த ஒருவர் உங்கள் கதையைப் படிப்பார். தீயின் நிறத்தை வர்ணிக்காதீர்கள். மறுநாள் காலை ஒரு பிள்ளை இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து நிற்பதை எழுதுங்கள்.

ஒளிப்பதும் கடத்துவதும்

ஒரு புத்தகம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதை எழுதும்போது சங்கிலியில் ஐந்து பேரை வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் ஒருவரையும் பின்னால் ஒருவரையும் மட்டும் தெரியட்டும். ஐந்து பேருக்கும் ஐந்து காரணம் இருக்கட்டும், அதில் குறைந்தது இரண்டு காரணம் சின்னதாக இருக்கட்டும். ஒருவர் கூலிக்காகச் சுமக்கிறார். ஒருத்தி, சுமப்பவன்மேல் பிரியம் என்பதால் சுமக்கிறாள். எல்லாரும் விடுதலைக்காகவே சுமந்தால் அது ஊர்வலம் ஆகிவிடும், கதை நகராது.

ஒளிக்க இடம் தேடும்போது நிஜத்தில் மனிதர்கள் கண்டுபிடித்ததைப் படியுங்கள், நாம் கற்பனை செய்வதைவிட அது எப்போதும் நுட்பமாக இருக்கிறது. மேலே சொன்ன சீன ஆணைக்குத் தப்ப ஃபூ ஷெங் என்ற அறிஞர் தன் வீட்டுச் சுவருக்குள் நூலை வைத்துப் பூசிவிட்டார். போரெல்லாம் ஓய்ந்து திரும்பி வந்து தேடியபோது 29 பகுதிகள்தான் மிஞ்சியிருந்தன. பிறகு தொண்ணூறு வயதைத் தாண்டியும் அதைக் கற்றுக்கொடுத்தார். சுவரைப் பூசும்போது பாதி போகும் என்று அவருக்குத் தெரியுமா? உங்கள் கதையில் அந்தச் சுவரைப் பூசுகிறவரை எழுதுங்கள்.

ரஷ்யக் கவி அன்னா அக்மதோவா 1930களின் கடைசியில் கவிதையைத் தாளில் வைத்திருக்கவே பயந்தார். தோழி லிதியா சுகோவ்ஸ்கயா வந்தால் டீ, குளிர் என்று உரக்கப் பேசிக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் வரிகளை எழுதி நீட்டுவார். தோழி படித்து மனப்பாடம் செய்ததும் தாள் சாம்பல் கிண்ணத்தில் எரிந்துவிடும். சுவர் கேட்டது குளிரைப் பற்றிய பேச்சை மட்டும். இதைப் படித்த பிறகு நான் ஒரு பயிற்சி வைத்தேன். இரண்டு பேர் உரக்கக் கத்தரிக்காய் விலை பேச வேண்டும், அதே நேரம் கையால் வேறொன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எழுதிய மிக நல்ல உரையாடல்கள் அந்தச் சனிக்கிழமை வந்தவைதான்.

நம் ஊரிலேயே ஒன்று உண்டு. நெருக்கடி நிலையில், 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு ஆட்கள் கைதானார்கள். யார் யார் கைது என்று பத்திரிகையில் போடத் தணிக்கை விடாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று முரசொலியில் அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. எந்தக் கட்சிக்காரரானாலும் எழுதக் கற்றுக்கொள்கிறவர் அந்தப் பட்டியல் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வெறும் பெயர்கள், ஒரு வினைச்சொல்கூட இல்லை. உங்கள் கதையில் தடைக்கு அடியில் நழுவிப்போகும் ஒரு வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்: சமையல் குறிப்பு, கோலப் புள்ளிக் கணக்கு, ஒப்பாரி, மொய்ப் பட்டியல்.

சட்டம் மாறும் ஓர் எல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். லிதுவேனியருக்கு டில்சிட் இருந்தது. 1908இல் பாரதிக்குப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இருந்தது. 'இந்தியா' பத்திரிகை அங்கிருந்து வந்தது, பிரிட்டிஷார் தங்கள் பகுதிக்குள் அதை நுழைய விடாமல் தடுத்த பின்புதான் நின்றது. எல்லை இருந்தால் கதைக்கு ஒரு சாலை கிடைக்கிறது, சாலையில் ஒரு சோதனைச் சாவடி கிடைக்கிறது.

மாயம் ஒன்று போதும்

பறக்கும் குதிரை, பேசும் வாள், மந்திரக்கல் எல்லாவற்றையும் ஒரே கதையில் அடைக்காதீர்கள். ஒரே ஒரு மாயம், அதற்கு ஒரு விலை. அந்த மாயம் புத்தகம் எதனால் ஆனதோ அதிலிருந்து முளைக்கட்டும்.

என் கதையில் நீர்க்கணக்கு ஓலையின் ஒரு வரியைத் தவறில்லாமல் உரக்க வாசித்தால் ஏரியில் ஒரு விரற்கடை தண்ணீர் ஏறும். விலை: வாசித்தவருக்கு மறுநாள் அதே நேரம்வரை தாகம் அடங்காது. குடம் குடமாகக் குடித்தாலும் அடங்காது. என் நாயகி வடிவுக்கு வயது பதினான்கு, மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்க்கட்டியின் மகள். அவள் மட்டும் முழுக் கட்டையும் வாசித்தால் செத்துப்போவாள். ஆகவே ஊருக்கு வாசிக்கத் தெரிய வேண்டும். ஆளுக்கு ஒரு வரி. அவள் வேலை கத்தியை எடுப்பது இல்லை, ராத்திரியில் எழுபது பேருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுப்பது. மாயத்தின் விலையைச் சரியாக வைத்தபோது, தனியொருத்தி உலகத்தைக் காப்பாற்றும் கதை தானாகவே ஊர் சேர்ந்து வாசிக்கும் கதையாக மாறிவிட்டது. இதை நான் திட்டமிடவில்லை, விலைதான் இழுத்துக்கொண்டு போனது.

பதினான்கு வயது

வடிவுக்கு ராஜாவைப் பற்றிய கவலை நாளில் கால் மணி நேரம்தான் இருக்கும். மீதி நேரம் பக்கத்து வீட்டுத் தோழி பேசுவதை நிறுத்திவிட்டாளே, அம்மா தம்பிக்கு மட்டும் ஏன் தயிர் போடுகிறாள், குரல் ஏன் இப்படிக் கரகரக்கிறது. இவற்றை நீக்கிவிட்டால் அவள் கையில் கொடி பிடித்த பொம்மை ஆகிவிடுவாள். ஒரு பத்தாம் வகுப்புப் பெண் தன் நாயகியை நான்கு பக்கம் கூட்டத்தின் முன் பேச வைத்திருந்தாள். "உங்க தெருவுல நாலு பக்கம் பேசினா எத்தனை பேர் நிப்பாங்க?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுப் பேச்சை எடுத்தாள். அந்த இடத்தில் நாயகி தன் பாட்டியிடம் ஓர் எழுத்தின் பெயரைக் கேட்கிறாள், பாட்டி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். அவ்வளவுதான், அந்த அத்தியாயத்தை அவள் வாசித்தபோது ஒருவரும் அசையவில்லை.

காட்டிக்கொடுப்பவரை வீட்டுக்குள் வையுங்கள். என் கதையில் அது வடிவின் தாய்மாமன். மூன்று பெண்களைப் பெற்றவர், புல்தைல உரிமம் அவர் கையில் இருக்கிறது. "மாமாவுக்கு வேற வழி என்னடி இருக்கு, நீயே சொல்லு" என்று அவர் கேட்கும்போது வடிவுக்குப் பதில் வராது. உங்களுக்கும் வரக் கூடாது. வந்துவிட்டால் அவரை நீங்கள் போதுமான அளவு நேசிக்கவில்லை என்று அர்த்தம்.

கொடுமையை எவ்வளவு காட்டலாம் என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நான் காயத்தைக் காட்டுவேன், அடிப்பதைக் காட்டமாட்டேன்.

எழுதி முடித்த பிறகு

கைப்பிரதியில் கொடுங்கோல், அடக்குமுறை, விடுதலை என்ற மூன்று சொல்லையும் தேடி அடித்துவிடுங்கள். அடித்த பிறகும் அந்த இடம் புரிந்தால் சரி. புரியவில்லை என்றால் அங்கே ஒரு பொருளோ ஒரு செயலோ குறைகிறது.

பிறகு முழுவதையும் உரக்க வாசியுங்கள். ஓலைக் காலத்து மனிதர்கள் கண்ணால் மட்டும் படித்தவர்கள் இல்லை, உங்கள் கதையும் வாயில் ஓட வேண்டும். நாக்கு தடுக்கும் வாக்கியத்தை வெட்டுங்கள். நான் ஒரு அத்தியாயத்தை ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் நிறுத்துகிறேன், பள்ளிப் பேருந்தில் ஒரு நடைக்கு ஓர் அத்தியாயம் முடிய வேண்டும் என்பது என் கணக்கு.

முடிவில் ராஜாவைக் கொல்லத்தான் வேண்டும் என்று இல்லை. லிதுவேனியாவில் 1904இல் தடை நீங்கியது ஓர் ஆணையால். அதற்குள் ஒரு தலைமுறையே மறைத்துப் படித்து வளர்ந்திருந்தது. புத்தகம் சுமந்த யூர்கிஸ் பியெலினிஸ் பிறந்த மார்ச் 16ஐ அந்த நாடு இன்றும் புத்தகச் சுமைகாரர் நாளாகக் கொண்டாடுகிறது. எனக்கு எழுதப் பிடிப்பது தடை நீங்கிய மறுநாள் காலை. இத்தனை வருஷம் ராத்திரியில் நடந்தவர் பகலில் அதே பாதையில் நடக்கிறார், முதுகில் மூட்டை இல்லை, தோள் அந்த எடையைத் தேடுகிறது. வடிவின் கதையின் கடைசிப் பக்கமும் அப்படித்தான்: திண்ணையில், வெயிலில், ஓலையை விரித்து, தம்பிக்கு முதல் வரியைச் சொல்லிக்கொடுக்கிறாள். அவன் எரி என்று படிக்கிறான். அவள் ஏரியைக் கையால் காட்டுகிறாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் படிக்கிறான்.

பிரதி தயாரானதும் முதலில் பெரியவர்களிடம் கொடுக்காதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவரிடம் ஒரு பென்சிலோடு கொடுங்கள். பிடித்த இடத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டாம். எந்த இடத்தில் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனாயோ அங்கே ஒரு கோடு போடு என்று மட்டும் சொல்லுங்கள். போன மாதம் என் பிரதி பதினொரு கோட்டோடு திரும்பி வந்தது. ஆறாவது கோடு ராஜா முதன்முதலாக வரும் பக்கத்தில் இருந்தது, அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துவிட்டேன்.